சாரம் ஏறிய விருந்தாளிகள்

வெயில் ஏறிவிட்டால் வெடிப்பை அடைக்கப் பூசும் பட்டி சுவரில் பிடிக்காது. அதனால் கிழக்கு வெளுக்கும்போதே சாரத்தில் ஏறிவிடுவோம். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெடிப்புகளை அடைத்துக்கொண்டே மேலே போக வேண்டும். கண், காது, மூக்கு எல்லாம் வெள்ளைத் தூள். தோள்பட்டை கழன்று விழுந்துவிடுமோ என்று வலிக்கும். ஐந்து மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவர் அது. சுவரைத் தயார் செய்ய நாங்கள் ஆறு பேர். அதில் ஐந்து மாடி உயரத்துக்கும் ஒரு முகம் வரைய இரண்டு பேர்.

அந்த இரண்டு பேரும் ஓவியக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவனை நெட்டை என்போம், அவளைக் காலேஜ் என்போம். கேட்டால் "ஃபிரெண்ட்ஸ்க்கா" என்பார்கள். எங்களுக்குத் தெரியாதா என்ன! மத்தியானம் அவன் தட்டிலிருந்து அவள் எடுத்துத் தின்னும் அழகிலேயே தெரிந்துவிடும்.

தினமும் ஏறுமுன் மேஸ்திரி வருகைப் பதிவேட்டை நீட்டுவார். கையெழுத்துப் போட்டவர்களுக்கு இடுப்பில் கட்டப் பாதுகாப்பு பெல்ட் கொடுப்பார். முதல் நாள் காலேஜும் வரிசையில் வந்து நின்றாள். கட்டடத்தின் முதலாளி பதறிப்போய் ஓடிவந்தார்.

"நீங்க எதுக்கும்மா இதுல? நீங்க கூலி ஆளா? விருந்தினர் ஓவியர்கள்! உங்க கையெழுத்து சுவத்துல வரும். நோட்டுல எதுக்கு?"

அவள் முகம் அப்படியே பூரித்துப்போயிற்று. "படிச்சு முடிச்சு நாலு வருஷமாச்சுக்கா. கடை போர்டு எழுதினேன், பிள்ளைங்களுக்கு டிராயிங் சொல்லிக் குடுத்தேன். படத்தைச் சுருட்டிக்கிட்டு ஏறாத கேலரி இல்ல. இப்பத்தான் முதல் தடவையா ஒருத்தர் என்னை ஓவியர்னு கூப்பிட்டிருக்கார்" என்றாள்.

"உனக்கென்னடி, உன் கையெழுத்தை ஊரே பாக்கும்" என்று சிரித்தேன். என் வயிற்றில் பொறாமையும் கொஞ்சம் இருந்தது. அவர்களுக்கு பெல்ட் கொடுக்கவில்லை என்பது என் கண்ணில் படத்தான் செய்தது. விருந்தாளிக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். பாழாய்ப்போன புத்தி!

முப்பத்தெட்டாம் நாள் காலை. நான்காம் மாடி உயரத்தில் நெட்டை அந்த முகத்தின் கண்ணைத் தீட்டிக்கொண்டிருந்தான். நிழல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தான். பலகை புரண்டது. ஒரு சத்தம்தான் கேட்டது. நான் இறங்கி ஓடியபோது காலேஜ் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் நீல பெயிண்ட் வாளி கவிழ்ந்து கிடந்தது.

உயிர் தப்பியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. அந்தக் கை இனி தூரிகை பிடிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செலவுக்கு இன்சூரன்ஸ் கிடைக்க, வேலை செய்த இடத்திலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். அங்கேதான் முதலாளி கையை விரித்தார். பதிவேட்டில் பேர் இல்லையாம்.

மூன்றாம் நாள் அவரே காலேஜைத் தேடிச் சாரத்தடிக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. அவன் தன் விருப்பத்துல ஏறுனான்னு நீ ஒரு கையெழுத்துப் போடு. அவ்வளவுதான். என் கேலரி அடுத்த மாசம் திறக்குது. முதல் கண்காட்சி உன்னோடது, உன் படம் மட்டும். நாலு வருஷமா இதுக்குத்தானே அலையுற?"

அவள் போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். போட்டால் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அவள் தாளை இரண்டு தடவை படித்தாள். "அவன் பேரையும் என் பேரையும் பதிவேட்டுல எழுதுங்க சார்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? அதுல பேர் வந்தா நீ கூலிக்காரி. அப்புறம் எவன் உன்னை ஓவியர்னு மதிப்பான்?"

"கூலிக்காரிதான் சார். ஓவியர்ங்கிற அந்த ஒரு வார்த்தைக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா? அந்த வார்த்தையைச் சொல்லித்தானே எங்களுக்கு பெல்ட் குடுக்காம ஏத்துனீங்க! எனக்கு அது வேணாம்."

தாளைத் திருப்பிக் கொடுத்தாள். நின்ற இடத்திலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

நான் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அவர் காலடியில் போட்டேன். "அன்னிக்கே நாங்க கேட்டிருக்கணும். கேக்காதது எங்க தப்பு. முப்பத்தெட்டு நாள் எங்களோட வேலை பாத்தாங்க. நாங்க ஆறு பேரும் சாட்சி சொல்வோம்." மற்ற ஐந்து பெல்ட்டும் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

"நாளைக்கே வேற ஆள் ஏத்துவேன்!"

எங்களில் மூத்த தாடிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏத்துங்க முதலாளி. ஏற வர்றவன்கிட்டயும் நடந்ததைச் சொல்லுவோம்."

சாயங்காலம் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய மனுவைக் காலேஜ் எழுதியிருந்தாள். தொழில் என்ற இடத்தில் இருவருக்கும் ‘சுவர் வேலை’ என்று போட்டிருந்தாள். படித்ததும் நெட்டையின் கண் கலங்கியது.

"நீயும் இதையா போட்ட?"

"ஆமாடா."

அவன் கையெழுத்து வேண்டும். வலது கை மாவுக்கட்டில் கிடந்தது. இடது கையில் பேனாவைப் பிடித்துப் பார்த்தான். கோணல்மாணலாக ஒரு கோடு விழுந்தது. அதற்கு மேல் ஓடவில்லை. வகுப்பிலேயே கோடு சுத்தமாக இழுப்பவன் அவன்தான் என்று காலேஜ் எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருப்பாள்! நர்ஸிடம் மைப்பெட்டி வாங்கி, அவன் இடது கட்டைவிரலை அதில் ஒற்றி, தாளில் அழுத்தினாள்.

"அஞ்சு வருஷம் காலேஜுல படிச்சு கைநாட்டு வச்சிருக்கேன்க்கா" என்று சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அடுத்தது தாடிக்காரர். பேனாவை நீட்டினேன். முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுகிற மனுஷன் அவர். "அது கிடக்கட்டும்" என்று மைப்பெட்டியில் விரலை வைத்தார். பிறகு நான். பிறகு மற்ற நால்வரும்.

கடைசியாகக் காலேஜ் தன் விரலைப் பதித்தாள். அவன் விரலுக்கு ஒட்டினாற்போல இடம் விட்டிருந்தோம்.