கடைசிப் பொத்தான்

மானத்தின் விலை பதினெட்டாயிரம்; தையல் கூலி தனி. சிமென்ட் கடைக்காரர் கோட்டு சூட்டைப் பேரம் பேசிப் பதினாறில் முடித்தார். ஆனால் தையல்காரர் கோட்டுக்குள் போடும் கையில்லாத வெயிஸ்ட்கோட்டை மாட்டிவிட்டதும் அவருக்குத் தலை சுற்றியது.

"கடைசிப் பொத்தானை மட்டும் போடாதீங்க."

"ஏன், அறுந்துடுமா?"

"அறுந்துடாது. துரைமாருங்க போட மாட்டாங்க."

"போடாத பொத்தானை எதுக்குய்யா தச்சே?"

"அது இருந்தாத்தானே போடலைன்னு தெரியும்!"

நாற்பது வருஷ வியாபாரத்தில், காசு கொடுத்து வாங்கிய சரக்கைத் தொடாதே என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. மகளுக்காக வாயை மூடிக்கொண்டார். மகள் விரும்பும் பையனின் அப்பா ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர்; காய்கறி வாங்கக்கூட கோட்டும் டையுமாகப் போகிறவர். "ஆளை உடுப்பை வச்சுத்தான் எடை போடுவாராம்ப்பா. சொதப்பிடாதீங்க," என்று அவள் கெஞ்சியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது சாவியைக் கோட்டுப் பாக்கெட்டில் போடப் போனார். பாக்கெட்டின் வாய் தைத்திருந்தது. மற்ற இரண்டு பாக்கெட்டும் அப்படியே.

"ஏங்க, பிரிச்சு விடட்டுமா?" என்றாள் மனைவி.

"கையை வைக்காதே! இதுவும் சட்டம்தான் போல. துரைமாருங்க எந்தப் பாக்கெட்டுலயும் எதையும் வைக்க மாட்டாங்க."

"அப்ப சாவியை எங்க வைப்பாங்க?"

"அதுக்குத் தனியா ஆள் வச்சிருப்பாங்க."

மனைவியின் இரண்டு கையிலும் பழக்கூடை. ஆகவே சாவி, செல்போன், கண்ணாடிக்கூடு, கைக்குட்டை எல்லாம் கடைக்காரரின் கைகளில் குவிந்தன. பையன் வீட்டுக்குப் போனதும் மேனேஜர் வாசலுக்கே வந்து கையை நீட்டினார். கொடுக்கக் கை இல்லை. நீட்டிய கை அந்தரத்தில் நின்று, மெல்லத் திரும்பிப் போயிற்று.

"உள்ள வாங்க." குரலில் ஈரம் இல்லை.

தொலைந்தது சம்பந்தம் என்று உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மேனேஜரின் வெயிஸ்ட்கோட்டில் கடைசிப் பொத்தான் இறுக்கமாகப் போட்டிருந்தது! அப்படியானால் தையல்காரன் காலை வாரிவிட்டானா? மேனேஜர் டீ சொல்ல உள்ளே போன நேரம் பார்த்துத் தன் பொத்தானை அவசரமாக மாட்டினார்.

திரும்பி வந்த மேனேஜரின் பொத்தான் திறந்திருந்தது.

இருவரும் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்க திறந்துல்ல வச்சிருந்தீங்க?"

"நீங்க போட்டுல்ல இருந்தீங்க?"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருஷமாப் போட்டுட்டிருக்கேன். நீங்க கைகூடக் கொடுக்கல. சரி, நம்ம உடுப்புலதான் ஏதோ தப்புன்னு..."

"கை எங்கங்க காலியா இருந்துச்சு?" கடைக்காரர் மடியில் கிடந்த மூட்டையைக் காட்டினார். "பாக்கெட்டுல வைக்கக்கூடாதாமே. தச்சிருக்கு."

மேனேஜர் குனிந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, சின்னக் கத்தரியை எடுத்து வந்து தானே தையலைப் பிரித்தார்.

"கோட்டு தொங்கிப்போகாம இருக்கத்தான் தச்சு வைப்பாங்க. போடறப்போ பிரிச்சிடணும்."

"அப்போ பொத்தான்?"

"அதை நீங்கதான் எனக்குச் சொல்லணும் சம்பந்தி."

சம்பந்தி! கடைக்காரர் சாமான்களைப் பாக்கெட்டில் திணித்துவிட்டு இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பும் வழியில் மனக்கணக்குப் போட்டார். சம்பந்தி ஒருவர், வரவு. பாக்கெட் மூன்று, வரவு. பொத்தான் ஆறு, அதில் ஐந்துக்கு வேலை உண்டு. மீதி ஒன்று எதற்கு என்று வீடு வந்து சேரும்வரை பிடிபடவில்லை. வரவிலும் சேராமல் செலவிலும் சேராமல் அது பாக்கியாகவே நின்றது.