முன்பு ரத்தம் ஏற்றியதுண்டா

"மாமா, ஒரு தலையணை கொண்டு வாங்க. இங்க குடுத்திருக்கிறது செங்கல்லுக்கு உறை போட்ட மாதிரி இருக்கு."

போனில் பேசியது என் மனைவியின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. முப்பது வாரக் கர்ப்பம். அக்காவைப் போலவே அவளுக்கும் சிக்கிள் செல். ரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து, குழாய்களில் சிக்கி வலி கொடுக்கும் நோய். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பதினான்கு மாதமாக என் வீட்டில் ஒரு தலையணை அதிகம்.

நான் போனபோது வாலு மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் சாய்ந்து படுத்திருந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் அவளுடைய அம்மா, என் அத்தை. மறு பக்கம் என் சகலை, ஃபிரிட்ஜ் மெக்கானிக். நர்ஸ் ஒருவர் அட்டையில் காகிதம் செருகி எழுதிக்கொண்டிருந்தார்.

"ஹீமோகுளோபின் ரொம்ப இறங்கிடுச்சு. ரத்தம் பொருத்திப் பாத்தாச்சு, ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஒரு மணி நேரத்துல ஏத்திடலாம்" என்றார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்கா?"

"இல்லம்மா" என்றார் அத்தை.

நர்ஸ் கட்டத்தில் குறியிட்டார்.

அந்தக் கட்டம் எனக்குத் தெரியும். காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. காலியாக விட்ட கட்டம் இருந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவோம். என் மனைவி முப்பத்திரண்டாவது வாரத்தில் வலியில் துடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய படிவத்தை நான்தான் நிரப்பினேன். முன்பு ரத்தம் ஏற்றியதுண்டா? எனக்குத் தெரியவில்லை. காலியாக விடக் கை வரவில்லை. 'இல்லை' என்று எழுதினேன்.

ரத்தம் ஏற்றினார்கள். எட்டாம் நாள் சிறுநீர் கறுத்தது. நோயின் வலிதான் திரும்பியிருக்கிறது என்று நினைத்து இன்னொரு பை ஏற்றினார்கள். ஏற்றிய ரத்தத்தோடு அவளுடைய சொந்த ரத்தமும் உடைந்தது. பதினோராம் நாள் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை.

டாக்டர் பிறகு என்னை மட்டும் கூப்பிட்டு விளக்கினார். சின்ன வயதில் ஏற்றிய ரத்தத்துக்கு எதிராக அவள் உடம்பில் ஓர் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறது. வருடங்கள் போனால் அது பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அதே வகை ரத்தம் மறுபடி உள்ளே வந்தால் விழித்துக்கொள்ளும். பழைய பதிவேட்டைப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

இதை அத்தையிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தப் பதினோராம் நாள் வராந்தாவில் அத்தை அழுதுகொண்டே சொன்னது காதில் இருந்தது. "சின்னதுல ரெண்டு பேருக்கும்தானே ஏத்தினாங்க, அப்ப ஒண்ணும் ஆகலையே." ரத்தம் ஏற்றிய பெண் என்றால் வரன் அமையாது என்று இரண்டு பேரின் ஃபைலையும் அவர் கிழித்துப் போட்டதும் அன்றுதான் தெரிந்தது.

"சிஸ்டர், அந்தப் பதில் தப்பு" என்றேன். "ஏத்தியிருக்காங்க."

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகியிருக்க வேண்டும். "மாப்பிள்ளை ஏதோ குழப்பத்துல பேசறார்மா. பாவம், அவ போனதுல இருந்தே இப்படித்தான்."

"அண்ணே, என்ன சொல்றீங்க?" என்றார் சகலை. "எங்ககிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலையே. லேசான ரத்தசோகைன்னுதான் முதல்ல சொன்னாங்க. அப்புறம் சிக்கிள் செல்னாங்க. இப்ப இது வேறயா?"

"எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள் வாலு. "அம்மா?"

அத்தை போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"அத்தை, அவ நோயால மட்டும் சாகல. ஏத்தின ரத்தம் சேரல. இதே கேள்விக்கு அன்னைக்கு நான்தான் 'இல்லை'ன்னு எழுதினேன். தெரியாம எழுதினேன். நீங்க தெரிஞ்சே சொல்றீங்க."

கடைசி வரியைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அதற்குத்தான் அத்தையின் கை நின்றது.

"நீங்களா எழுதினீங்க?"

"ஆமா."

 அத்தை நர்ஸின் பக்கம் திரும்பி, சகலையைப் பார்க்காமல் சொன்னார். "ரயில்வே கேட் பக்கத்துல குழந்தைங்க ஆஸ்பத்திரி. இவளுக்கு அஞ்சு வயசு. ரெண்டு தடவை ஏத்தினாங்க."

நர்ஸ் எழுதுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார்.

பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பதில் வந்தபோது டாக்டரே வந்து சொன்னார். வாலுவுக்கும் அந்த எதிர்ப்பொருள் இருந்தது. தயாராக வைத்திருந்த பை அதற்குப் பொருந்தாதது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொருந்தும் ரத்தம் ஊரின் மறு கோடியிலிருந்த ரத்த வங்கியில் இரண்டு பை இருந்தது.

"நான் போய் எடுத்துட்டு வரேன்" என்று சகலை எழுந்தார். "எத்தனை டிகிரில வைக்கணும்?"

"பெட்டியில ஐஸ் வச்சு அவங்களே குடுப்பாங்க சார்."

"ஐஸை நம்ப முடியாது சிஸ்டர். டிகிரியைச் சொல்லுங்க."

வாலு சிரித்து, நெஞ்சு வலித்து, "ஐயோ, இவரை முதல்ல வெளிய அனுப்புங்க" என்றாள். அவர் அவளுடைய காலைத் தொட்டுவிட்டுப் போனார். அத்தையைத் தாண்டும்போது நிற்கவில்லை.

வராந்தா பெஞ்சில் அத்தையும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை."

"சொல்லியிருக்கலாம்."

"மூத்தவகிட்ட நான்தான் சத்தியம் வாங்கினேன். புருஷன்கிட்டகூட மூச்சு விடக் கூடாதுன்னு."

 

சாயங்காலம் பை வந்தது. அதன் எண்ணை நர்ஸ் உரக்கப் படித்தார். இன்னொருவர் மறுபடி படித்தார். இனி மூன்று வாரம் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அத்தை உள்ளே வரவில்லை. முதல் சொட்டு இறங்கும்போது நான் கட்டிலருகே நின்றேன்.

வாலு தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"மாமா, உக்காருங்க. நீங்க நிக்கறதப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

உட்கார்ந்தேன்.