பதினோரு நாள் சத்தமில்லாத வீடு

கிட்ட வந்து குந்துங்க, கண்ணுங்களா. பின்னால நிக்கிறவங்களும் முன்னுக்கு வாங்க, இது உரக்கச் சொல்லுகிற கதை இல்லை. முடியும்வரை இருந்து கேட்டால், வீட்டுக்குப் போய் உங்கள் வாசல் கேட்டைத் திறக்கிற சத்தமே உங்களுக்கு வேறு மாதிரிக் கேட்கும்.

மூன்று வருடத்துக்கு முந்தின தை மாதத்தில், சேலியமேடு ஊரில் சிங்காரவேலுவின் வீட்டில் பதினோரு நாள் சத்தம் இல்லாமல் போயிற்று. குக்கரில் ஆவி அடித்தது, விசில் கேட்கவில்லை. டி.வி.யில் ஆட்கள் வாயை வாயை அசைத்தார்கள். பால்காரர் ஹாரன் சத்தம் வாசல் கேட்டு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. பேச வேண்டுமானால் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்துதான் பேச வேண்டும். எட்டு மாதக் குழந்தை அர்ச்சனா முகம் சிவக்க அழுதாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, அதனால் அவள் அம்மா கல்பனா பதினோரு நாளும் பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. நர்ஸம்மா வந்து குழந்தையின் காதைப் பார்த்து நல்லாத்தான் இருக்குது என்றார். கரண்ட் ஆபீஸ் ஆள் ஒருவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, லைனில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

சிங்காரவேலுவுக்கு நாலு காணி கரும்பு. மனைவி காலமாகி ஆறு வருடம். ஒரே மகன் புகழ்வேந்தன் பட்டாளத்தில் பாரா கமாண்டோ. அந்தப் படைக்கு ஆள் எடுக்கும்போது நூறு பேர் போனால் பத்துப் பேர்கூடத் தேறுவதில்லை. தூங்காமல், தின்னாமல், முதுகில் மூட்டையோடு நாள்கணக்கில் ஓட விடுவார்களாம். புகழ்வேந்தனும், அவனோடு ஒரே நாளில் பட்டாளத்துக்குப் போன உறுவையாறு ஊர்க்காரன் அன்புராஜும் தேறினார்கள். எந்த மலையில் இருக்கிறான், என்ன வேலை செய்கிறான் என்று புகழ்வேந்தன் வீட்டில் சொன்னதே இல்லை. போன் வந்தால் மழை பெய்ததா, பசு கன்று போட்டதா என்று கேட்பான், அவ்வளவுதான்.

சத்தம் ஏன் போனது என்று அந்த வீட்டில் அவன் மனைவி கல்பனாவுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான நாலாம் மாதம் அரை மணி நேரம் போயிற்று. அப்புறம் ஒரு தடவை நாலு மணி நேரம், இன்னொரு தடவை ஒரு பகல் முழுக்க. மூன்று தடவையும் மாமனார் கழனியில் இருந்தார். மூன்று தடவையும் புருஷனின் போன் அணைந்திருந்தது. சத்தம் திரும்பின அன்றைக்கே அவன் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டான். லீவில் வந்தபோது அவள் இதைச் சொன்னாள். அவன் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான், தலையை நிமிர்த்தவில்லை.

"நாங்க படுத்திருக்கிற எடத்துல ஒரு கல்லு உருண்டாலும் ஆறு பேரும் செத்தோம். கல்லு உருளத்தான் உருளுது, சத்தம் வர்றதில்ல. யாரு வந்து மூடுறாங்கன்னு நான் கேட்டதில்ல. நீயும் யாராண்டயும் சொல்லாத. நைனாவாண்ட கூட."

வயிற்றிலிருந்த பிள்ளைமேல் கைவைத்து, மாமனாரிடம்கூடச் சொல்வதில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். அதனால் இந்தத் தடவை பதினோரு நாளும் வாயைத் திறக்கவில்லை. நாள் ஏற ஏற அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சத்தம் திரும்பினால் அவன் வேலை முடிந்தது என்று அர்த்தம், பாதியில் திரும்பினால் என்ன அர்த்தம் என்று நினைக்கவே பயந்தாள்.

சிங்காரவேலு பாவம், நம்மைப் போலத்தான் நினைத்தார். வீட்டுக்குள் எதுவோ புகுந்து சத்தத்தைத் தின்கிறது என்று முடிவு செய்தார். பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை பிற்பகலில் மதகடிப்பட்டிலிருந்து பேயோட்டப் பம்பை மேளம் அடிக்கிற வீரமணியை வரவழைத்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. வீரமணி இடுப்பில் பம்பையைக் கட்டிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே கற்பூரம் ஏற்றினார். இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கற்பூரம் ஏற்றியபின் பம்பையில் விழுகிற முதல் அடி குலதெய்வத்துடையது. அதற்குக் கதவும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது, கேட்காமலே உள்ளே போகும்.

கல்பனா புகையைப் பார்த்துவிட்டுப் பிள்ளையோடு ஓடி வந்தாள். கேட்டைத் தாண்டும் வரைக்கும் அவள் கத்தினது யாருக்கும் கேட்கவில்லை, வாய் மட்டும் தெரிந்தது. தாண்டினதும் பாதிப் பேச்சிலிருந்து கேட்டது.

"...ஒடைக்காதீங்க மாமா. இது உங்க புள்ளைக்குப் போர்த்தியிருக்கிற அமைதி. அவரு இப்ப இதுக்குள்ளாரதான் படுத்துனு இருக்காரு."

"இன்னாம்மா சொல்ற? இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கினாரு மாமா."

சிங்காரவேலு அவள் முகத்தை ஒரு மூச்சு நேரம் பார்த்தார். அதில் பொய் இல்லை. பாய்ந்து போய் வீரமணியின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபோது குச்சி பம்பைத் தோலைத் தொட்டிருந்தது.

ஒரே ஒரு அடி. அது கேட்டுக்குள் போய், கூடம் கடந்து, தோட்டத்துப் பக்கம் வெளியே போகாமல் எங்கேயோ போனது. அதன் பின்னாலேயே பதினோரு நாள் சத்தமும் மொத்தமாக வீட்டுக்குள் வந்து இறங்கியது. நாற்பது குக்கர் விசில், டி.வி.காரர்களின் சண்டை, பிள்ளையின் அத்தனை அழுகை. தென்னையிலிருந்த காக்கைகள் மறுநாள் வரைக்கும் திரும்பவில்லை. கல்பனா பிள்ளையோடு உள்ளே ஓடிப் புருஷனுக்குப் போன் போட்டாள், அணைந்திருந்தது. வீரமணி தட்சணை வாங்காமல், பஸ்ஸுக்கும் நிற்காமல், நடந்தே போனார்.

அன்றைக்குப் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மாமனாரும் மருமகளும் போனை நடுக்கூடத்தில் ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் அவள் எப்போதும்போல் அவருக்குச் சோறு போட்டு வைத்தாள். அது அவருக்கு இன்னும் பாரமாக இருந்தது. மூன்றாம் நாள் அன்புராஜ் கூப்பிட்டு, உயிரோட இருக்கான் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

ஐந்து மாதம் கழித்துப் புகழ்வேந்தனை அன்புராஜ்தான் காரில் கூட்டி வந்து, தூக்கிக் கூடத்தில் உட்கார வைத்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே கட்டைக்கால். நடந்ததைச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அன்புராஜ் சொன்னான். வடக்கே ஒரு மலை இடுக்கில் ஆறு பேர் பதினோரு நாள் பாறையோடு பாறையாய்க் கிடந்தார்கள். அன்புராஜுக்குக் காய்ச்சல், ஓயாத இருமல். வாய்தான் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. எதிரித் துப்பாக்கிக்காரர்கள் பத்தடி தூரத்தில் வந்து நின்றபோது, அவர்கள் முதுகுக்குப் பின்னால் மொட்டை மலையில் ஒரு பம்பை ஒரே ஒரு அடி அடித்தது. அவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அதே நொடியில் அன்புராஜின் பதினோரு நாள் இருமலும் வெடித்து வெளியே வந்தது. அவர்கள் மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் புகழ்வேந்தன் எழுந்து, எல்லாத் துப்பாக்கியும் தன்னையே பார்க்கும்படி வெட்டவெளியில் சுட்டுக்கொண்டே ஓடினான். குண்டு அவன் காலில் பாய்ந்தது, மற்ற ஐந்து பேரும் முழுசாக, அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த சிங்காரவேலு இலையை மடிக்காமல் எழுந்து கரும்புக்குள் போனார். சாயங்காலம் வரைக்கும் வரவில்லை. புகழ்வேந்தன் தேடிக்கொண்டு போனான். அப்போதுதான் ஊர் அதைக் கேட்டது. அவன் கட்டைக்கால் மண்ணில் படும்போதெல்லாம் பம்பை ஒலித்தது. கால் பொருத்தின ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை பாதத்தை மாற்றிப் பார்த்தார்களாம், சத்தம் மாறவில்லை.

"உன் காலை நாந்தான்டா எடுத்துட்டேன்," என்றார் அப்பா, வரப்பைப் பார்த்தபடி.

"ஆறு பேருக்குப் பன்னெண்டு காலு, நைனா. ஒண்ணுதான் போச்சி. அவனுங்க எப்பிடியும் எங்களப் பார்த்திருப்பானுங்க, நீ அந்த அடி அடிக்க வைக்கலன்னா நான் எழுந்துக்கிறதுக்கே நேரம் இருந்திருக்காது. எழுந்து வா, கல்பனா இன்னும் துன்னல."

அப்பா முன்னே போக, மகன் பம்பையோடு பின்னே வந்தான்.

இப்போது புகழ்வேந்தன் கரும்பு பார்க்கிறான். அவன் கழனிக்குப் போகிற சத்தத்தில்தான் அந்தத் தெருவில் அடுப்பு பற்ற வைக்கிறார்கள். அர்ச்சனா நடை பழகினதும் அந்தச் சத்தத்தோடுதான். ஆனாலும் வருடத்தில் சில நாள் அவன் கால் ஊமையாகிவிடுகிறது, வீட்டிலும் சத்தம் நின்றுவிடுகிறது. அன்புராஜும் மற்றவர்களும் எங்கேயோ படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிறார்கள். கல்பனா அடுப்பைத் தணித்துப் பிள்ளையை மடியில் எடுத்துக்கொள்கிறாள். சிங்காரவேலு கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் உதட்டில் விரல் வைத்துக் காட்டுகிறார். பால்காரர் தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கிப் பாலைக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். யாரும் காரணம் கேட்பதில்லை.

எழுந்து போங்க, கண்ணுங்களா. உங்க வூட்டுக் குக்கர் நாளெல்லாம் விசில் அடிக்கட்டும். உங்க புள்ளைங்க அழுகிறது தெருவுக்கே கேட்கட்டும். வெளியே போனவங்க திரும்பி வரும்போது, உங்க வாசல் கேட்டு கிறீச்சுன்னு நல்லா உரக்கச் சத்தம் போடட்டும்.