ஒரு நாள் டூரிஸ்ட்

வேலைக்கு வரும்போது நல்ல துணியாகக் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று இளவரசன் சொல்லி அனுப்பியிருந்தான். மண்வெட்டி வேண்டாம், கூடை வேண்டாம், தூக்குவாளிகூட வேண்டாம். வெறுங்கையோடு வந்தால் போதும். நைனார்பாளையம் பஸ் நிறுத்தத்தில் விடியற்காலையிலிருந்து நின்றிருந்த கூட்டம் இப்படி ஒரு வேலையை ஆயுசில் பார்த்ததில்லை.

ஆகையால் பெண்கள் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த ஜரிகைப் புடவையை உருவிக் கட்டியிருந்தார்கள். தலையில் கொள்ளுமளவுக்குக் கனகாம்பரம். ஆண்கள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பிச்சைமுத்து நெற்றியில் விபூதியைப் பட்டையாக இழுத்து, நடுவில் சந்தனமும் வைத்திருந்தார். ஒரு தாம்பாளம் மட்டும்தான் குறைச்சல்.

குட்டியானை வண்டி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து இறங்கிய இளவரசன் கூட்டத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். மலைமேல் பூங்கா கட்டிய காண்ட்ராக்டரிடம் அவன் சூப்பர்வைசர். உள்ளூர்ப் பையன்தான்.

"இன்னாய்யா இது? நிச்சயதார்த்தத்துக்கா போறீங்க?"

"நீதான நல்ல துணி கட்டிக்கினு வரச் சொன்ன" என்றாள் நிர்மலா.

"டூரிஸ்ட்டு மாரி வரச் சொன்னேன்கா."

"டூரிஸ்ட்டு எந்த மாரி இருப்பான்னு சொன்னியா? கடைசியா ஊட்டிக்குப் போனப்ப பாத்து வெச்சுக்கினு வந்திருப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். நிர்மலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். திருப்பூரில் பனியன் கம்பெனி மெஸ்ஸில் சமைத்தவள். ஷிப்டு ஷிப்டாக வந்து உட்காரும் பசித்த கூட்டத்தை அடக்கிச் சோறு போட்டவளுக்கு வாய் சின்னதாக இருந்தால் வேலைக்காகாது. கொரோனாவில் கம்பெனி படுத்தது, மெஸ் படுத்தது, புருஷன் சுபாஷோடும் பிள்ளைகளோடும் ஊருக்கு வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து மரவள்ளிக் கிழங்கு பிடுங்கினாள், நூறு நாள் வேலைக்குப் போனாள், பூங்காவுக்குக் கல் தூக்கினாள். பூங்காவில் கேன்டீன் சுவர் எழும்பியபோது இளவரசன் ஒரு வார்த்தை சொன்னான்: "தெறந்தா சமையலுக்கு நீதாங்கா." அந்த ஒரு வார்த்தையை ஊறுகாயாகத் தொட்டுக்கொண்டு அவள் இத்தனை மாதம் ஓட்டியிருந்தாள். பெங்களூரில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி புருஷன் பெண்டாட்டி இருவரையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போனால் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தகரக் கொட்டகையில் போய்ப் படுக்கவேண்டும். இன்று கிளம்பும்போதுகூட சுபாஷ் சொல்லியிருந்தான்: "சாயந்திரத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லிடு. அந்தாளு வேற ஜோடி பாத்துடுவாரு."

வண்டி மலையேறும்போது இளவரசன் பின்னால் வந்து கம்பியைப் பிடித்து நின்றபடி விளக்கினான். கொரோனாவில் விழுந்துபோன மலைப்பகுதியைத் தூக்கி நிறுத்த அரசாங்கம் மீட்புத் திட்டம் போட்டுத்தான் கரியாலூருக்கு அந்தாண்டை அருவியோரம் பூங்காவைக் கட்டியது. இன்றைக்குச் சென்னையிலிருந்து ஒரு மேடம் பார்வையிட வருகிறார். மேடம் சரி என்றால்தான் காண்ட்ராக்டருக்கு மிச்சப் பணம் வரும், பூங்கா திறக்கும். வருகிற நேரத்தில் உள்ளே ஈ காக்கா இல்லையென்றால் நன்றாயிருக்காது.

"அதுக்குத்தான் நீங்க. சும்மா நடக்கணும், சுத்திப் பாக்கணும், சிரிக்கணும். வழக்கமான கூலி."

"சிரிக்கறதுக்குக் கூலியா?" என்றார் பிச்சைமுத்து. "ஜாஸ்தியா சிரிச்சா ஓ.டி. உண்டா?"

அடுத்த வளைவில் அவருக்குக் குமட்டியது. கம்பிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டார்.

பூங்கா வாசலில் இளவரசன் ஆளுக்கொரு தொப்பியும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் கொடுத்தான். பாக்கெட்டைப் பிரிக்கலாம், ஆனால் மேடம் போகும்வரை தின்று தீர்க்கக்கூடாது. பெண்கள் பாதிப் பூவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். பிச்சைமுத்து விபூதியை அழித்துவிட்டு, இலவசக் கண் ஆபரேஷன் முகாமில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"எப்பிடிக்கீது?"

"பத்து நாளைக்குத் தலைக்கு ஊத்தக்கூடாது மாமா" என்றாள் நிர்மலா.

அவள் நேராகக் கேன்டீனைப் பார்க்கப் போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளே பெரிய அடுப்பு, சிலிண்டர், அண்டா, இட்லிக் குண்டான், சுவரில் வரிசையாகக் கரண்டிகள். அவளுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. இத்தனை சாமான் வந்திறங்கிவிட்டால் திறக்காமல் என்ன செய்வார்கள்? அடுப்பு ஜன்னலோரம் இருப்பதால் காற்றில் தீ அலையும், அதைச் சுவரோரம் தள்ளவேண்டும் என்று மனதுக்குள் தள்ளிப் பார்த்தாள்.

"தம்பி, நான் உள்ளயே நிக்கறேனே?"

"இன்னிக்கு நீ டூரிஸ்ட்டுக்கா. நீ உள்ள நின்னா கூட்டம் கம்மியா தெரியும். வெளிய வா."

சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நடக்கச் சொன்னால் நடவுக்குப் போவதுபோல ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். பரவலாக நடக்கச் சொன்னால் மரத்தடியில் போய் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆண்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டே பார்த்தீனியச் செடியைப் பிடுங்கிக் குவித்துவிட்டார்கள். சுற்றிப் பார்க்கச் சொன்னபோது பிச்சைமுத்து காம்பவுண்டுச் சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க பாரு, வெடிப்பு வுட்டுருச்சு. சிமெண்டு கம்மி, சிமெண்டு கம்மின்னு அன்னிக்கே அடிச்சுக்கினேன்."

இளவரசன் ஓடி வந்தான். "டூரிஸ்ட்டு சிமெண்டைப் பத்திப் பேசமாட்டான்யா!"

"அப்ப வேற இன்னா பேசுவான்?"

"அருவியைப் பத்திப் பேசு."

பிச்சைமுத்து அருவியைப் பார்த்தார். சித்திரை மாதம். குழாயைச் சரியாக மூடாமல் போய்விட்டதுபோல மேலேயிருந்து ஒரு கோடு தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "அதைப் பத்தி இன்னாத்தப் பேசறது" என்றார்.

கம்பி கேட்டுக்கு வெளியே மலைக்காரப் பெண்கள் இரண்டு பேர் நெல்லிக்காயும் பாட்டில் தேனும் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பூங்கா வருவதற்கு முன்னால் அருவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விற்றவர்கள். ஒருத்தி நிர்மலாவைக் கூப்பிட்டாள். "யக்கா, தேனு வாங்கிக்க. கலப்படமில்லாத மலைத்தேனு."

நிர்மலாவை இதுவரை யாரும் எதையும் வாங்கச் சொல்லிக் கெஞ்சியதில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

அந்தப் பெண் கண்ணைச் சுருக்கினாள். "நீ இங்க கல்லு தூக்குனவதான? இன்னா இந்தக் கோலம்?"

"இன்னிக்கு டூரிஸ்ட்டு."

"அதுக்கும் கூலி உண்டா?"

"உண்டு."

"எங்களையும் சேத்துக்கச் சொல்லேன். டூரிஸ்ட்டா வந்தாத்தான் உள்ள வுடுவான் போல."

அதற்குள் ஹாரன் கேட்டது. இரண்டு கார்கள் வந்து நின்றன.

மேடம் நல்ல மாதிரிதான் தெரிந்தார். காட்டன் புடவை, ஷூ. மலை வளைவில் கசங்கிய முகம். பூங்காவைப் பார்த்தார், அருவியைப் பார்த்துவிட்டு வாட்சைப் பார்த்தார். தொப்பி போட்ட கூட்டத்தைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "பரவாயில்லையே, நல்ல கூட்டம்" என்றார். எல்லோரும் இளவரசன் சொன்னபடி சிரித்தார்கள். ஒரே சமயத்தில் சிரித்தார்கள்.

"நீங்க பாட்டுக்கு இருங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று மேடம் போனைத் தூக்கிப் பிடித்தார்.

அங்கேதான் எல்லாம் கவிழ்ந்தது.

நூறு நாள் வேலையில் காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ. போன் தூக்கினால் ஓடிவந்து வரிசையில் நிற்கவேண்டும், முகம் தெரியவேண்டும். போட்டோவில் இல்லாதவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. புத்தி யோசிப்பதற்குள் உடம்பு ஓடிவிடுகிற அளவுக்குப் பழகிப்போன விஷயம். மேடத்தின் போன் மேலே போன மாத்திரத்தில் சிப்ஸ் பாக்கெட்டுகள் கீழே விழுந்தன, தொப்பிகள் கழன்றன. மரத்தடியிலிருந்தும் சுவரோரத்திலிருந்தும் ஓடிவந்து பெண்கள் முன்னால் குந்த, ஆண்கள் பின்னால் விறைத்து நின்றார்கள். பிச்சைமுத்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ஜோபியில் போட்டுக்கொண்டு, குரோட்டன்ஸ் பாத்தியில் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்திருந்தார். முன் வரிசையில் நடுவில் குந்தியிருப்பது தான்தான் என்பது நிர்மலாவுக்கே குந்திய பிறகுதான் தெரிந்தது.

மேடம் போனைத் தூக்கியபடியே நின்றார். நிர்மலாவின் பக்கத்தில் குந்தியிருந்த கமலா கேட்டாள்: "மேடம், மத்தியானமும் ஒண்ணு புடிப்பீங்களா, இல்ல இதோட வூட்டுக்குப் போலாமா?"

போன் கீழே இறங்கியது.

"நீங்கள்லாம் எங்கேர்ந்து வந்திருக்கீங்க?"

இளவரசன் சொல்லிக்கொடுத்திருந்த பதில் பிச்சைமுத்துவுக்கு மட்டும் ஞாபகமிருந்தது. "பாண்டிச்சேரிங்க."

"பாண்டிச்சேரியிலேர்ந்து மண்வெட்டியோடவா?"

"தொணைக்கு எடுத்தாந்தேங்க."

இளவரசனின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. நிர்மலா அவனைப் பார்த்தாள், கேன்டீன் கதவைப் பார்த்தாள். இவன் கவிழ்ந்தால் கேன்டீனும் கவிழும். புடவையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"மேடம், நாங்க டூரிஸ்ட்டு இல்லீங்க. இங்கியே வேலை பாக்கறவங்க. அவரு தோட்டம் பாக்கறாரு. இவங்கள்லாம் பெருக்கறவங்க, டிக்கெட்டு கிழிக்கறவங்க. நானு கேன்டீன்ல சமையலுங்க. பெரியவங்க வராங்கன்னு நல்ல துணி கட்டிக்கினு வந்தோம். கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு."

கேன்டீனில் சமையல் என்பதை அவள் பல தடவை மனதில் சொல்லிப் பார்த்திருந்ததால் பொய் சொல்கிறமாதிரி குரல் நடுங்கவில்லை.

மேடம் கூட்டத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தார். இந்தத் தடவை வேறு மாதிரி பார்த்தார். "இத்தனை பேருக்கும் வேலையா? எல்லாம் இந்தப் பக்கத்து ஆளுங்களா?" உதவியாளர் பக்கம் திரும்பினார். "டூரிஸ்ட் இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு வருவாங்க. வேலை கிடைச்சிருக்கு பாருங்க, அதுதான் மீட்பு. இதைத்தானே மேல கேக்கறாங்க."

வரிசையை அப்படியே போட்டோ எடுத்தார். பிறகு கேன்டீனுக்குள் நிர்மலாவைத் தனியாக நிற்கவைத்தார். அவள் கையில் பெரிய கரண்டியைக் கொடுத்து, அண்டாவைக் கிண்டச் சொன்னார்கள். வெறும் அண்டா கரகரவென்று சத்தம் போட்டது.

"சிரிங்க."

சிரித்தாள். இதற்குக் கூலி வாங்கியிருக்கவேண்டியதில்லை, நிஜமாகவே வந்தது.

கார்கள் வளைவில் மறைந்ததும் இளவரசன் குதித்தான். "யக்கா, பாஸாயிடுச்சு! உன் வாய்க்குச் சக்கரைதான் போடணும்!"

"சக்கரை இருக்கட்டும். நான் எப்ப வரட்டும்? நாளைக்கா, திங்கக்கெழமையா?"

"எங்க?"

"இன்னாடா எங்க? கேன்டீனுக்கு."

இளவரசன் பின்னந்தலையைச் சொறிந்தான். "யக்கா, பூங்காவுக்கு ஆளு போட்டாச்சு, கேன்டீன் நடக்குதுன்னு அவங்க போட்டோ புடிச்சிக்கினு போயிட்டாங்க. இனிமே தெறந்தா இன்னா, தெறக்காங்காட்டி இன்னா. காண்ட்ராக்டருக்கு வேலை முடிஞ்சிது."

"அந்தப் போட்டோவுல இருக்கறது நான்தான?"

"நீதான். கெவுர்மெண்டைப் பொறுத்தவரைக்கும் நீ இன்னியிலேர்ந்து வேலையில இருக்கற. யாராலயும் உன்னைத் தூக்க முடியாது."

"சம்பளம்?"

"அதுக்கு வேற திட்டம் வரணும்கா."

பிச்சைமுத்து மண்வெட்டியைப் பாத்தியில் வைத்துவிட்டு வந்தார். "அப்ப நானும் தோட்டக்காரன்தானா? ரிட்டேர்டு ஆனா பென்ஷன் வருமா, கேட்டுச் சொல்லு தம்பி."

யாரும் சிரிக்கவில்லை. குட்டியானை பின்பக்கமாக வந்து கேன்டீன் வாசலை அடைத்து நின்றது. டிரைவர் இறங்கி, அடுப்பை முதலில் ஏற்றச் சொன்னான். சாமான் முழுக்கக் கச்சிராயபாளையத்து வாடகைப் பாத்திரக் கடையுடையது. இருட்டுவதற்குள் ஒப்படைக்காவிட்டால் இன்னொரு நாள் வாடகை. நிர்மலா சற்றுநேரம் கதவோரம் நின்றாள். பிறகு தலைப்பைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து அண்டாவைத் தலையில் தூக்கினாள். அதற்குப் பிறகு எல்லோரும் தூக்கினார்கள். யாரும் வரிசை கட்டச் சொல்லாமலே கைமாற்றிக் கைமாற்றி ஏற்றி முடித்தார்கள். அன்றைக்கு அவர்கள் தடுமாறாமல் செய்த ஒரே வேலை அதுதான்.

இறங்கும்போது பாத்திரங்களுக்கு நடுவில் மனிதர்கள் செருகிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது வளைவில் பிச்சைமுத்துவுக்கு மறுபடி குமட்டியது. வெளியே தலையை நீட்ட வழியில்லை. எதிரே நிர்மலாவின் மடியில் அண்டா வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"மாமா, இதுல வேணாம். அப்புறம் நான்தான் கழுவணும்."

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அடிவாரம்வரை வந்தார்.

கடை வாசலில் சாமான் இறக்கும்போது சுபாஷ் போன் செய்தான். "மேஸ்திரி லைன்ல கீறாரு. இன்னா சொல்லட்டும்?"

"ரெண்டு பேரும் வரோம்னு சொல்லு."

"கேன்டீனு?"

"பெரியவன் துணியையும் சின்னவ துணியையும் உங்கம்மாகிட்ட வுடறதுக்குத் தனியா எடுத்து வை. நான் வந்து பேசறேன்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு அண்டாவை இறக்கி வைத்தாள். கடைக்காரர் அதைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் விரலை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். விரலில் கரி ஒட்டவில்லை. இன்னோர் இடத்தில் தேய்த்தார். இட்லிக் குண்டானையும் பார்த்தார்.

"இன்னாம்மா இது, புதுசாக் குடுத்தது ஒண்ணுகூட அடுப்புல ஏறலியே? கல்யாணம் நின்னுபோச்சா?"

"இல்லீங்க" என்றார் பிச்சைமுத்து. "நல்லபடியா முடிஞ்சிது."

கடைக்காரர் ஜரிகைப் புடவைகளையும் வெள்ளை வேட்டிகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு, கழுவவேண்டியதில்லை, அப்படியே அடுக்கிவிடலாம் என்று கை காட்டினார். நிர்மலா அண்டாவை உருட்டிக்கொண்டுபோய் மற்ற அண்டாக்களின்மேல் கவிழ்த்தாள். கீழே இருந்ததெல்லாம் கறுப்பு. அவளுடையது மட்டும் பளபளவென்று இருந்தது.