என் மேசையில் ஓடுகிறது

எங்கள் கம்பெனி இருபத்தைந்து வருடமாக மேசைக் கணினிக்கு மென்பொருள் எழுதி வயிறு வளர்த்தது. டேப்லெட் சந்தையில் நாங்கள் கால் வைத்தபோது போட்டிக்காரர்கள் இருவரும் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார்கள். அந்த வருடம் எங்கள் அலுவலகம் இருந்த பெல்வியூவில் மழை விட்ட நாளே இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் ஒன்று எங்களிடம் பன்னிரண்டாயிரம் டேப்லெட் வாங்கினால் எங்கள் பிரிவில் நாற்பது பேரும் பிழைப்போம். இல்லையென்றால் பிரிவையே மூடிவிடுவார்கள்.

எங்களிடம் ஒரு பாழாய்ப்போன வழக்கம் உண்டு. சோதிப்பவர் பிழை ஒன்றைப் பதிவு செய்தால், அந்தப் பகுதியின் மென்பொருளை எழுதியவன் தன் மேசையில் மூன்று முறை முயன்று பார்ப்பான். பிழை வராவிட்டால் "என் மேசையில் ஓடுகிறது" என்று எழுதி மூடிவிடலாம்.

சோதனைப் பிரிவு மார்லிஸ் பஸ்ஸில் நின்றுகொண்டே வருபவள். எங்கள் டேப்லெட்டோடு மாட்டியிருக்கும் விசைப்பலகையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, டேப்லெட்டை மட்டும் கையில் பிடித்திருப்பாள். டேப்லெட் தூங்கி எழுந்து கடவுச்சொல் கேட்கும்போது, தட்டுவதற்குத் திரையில் எழுத்துகளே வருவதில்லை என்று மார்ச்சில் பதிவு செய்தாள். அந்தப் பகுதியை எழுதியவன் நான். மூன்று முறை முயன்றேன். மூடினேன்.

"எல்டன், கீபோர்டைக் கழட்டிட்டுப் பாத்தியா?"

"அதைப் போய் யாரு கழட்டுவா?"

"அப்போ உன் மேசையையும் சேர்த்து விக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன்.

செப்டம்பரில் பள்ளி மாவட்டத்திலிருந்து திருமதி ஒகாம்போ வந்தார். எங்கள் மேலாளர் வெண்டெல் பேச ஆரம்பித்ததுமே ஒகாம்போ டேப்லெட்டை எடுத்து, விசைப்பலகையைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். வெண்டெல் பேசி முடிப்பதற்குள் டேப்லெட் தூங்கிவிட்டது. எழுப்பினார். கடவுச்சொல் கேட்டது.

"எங்கே தட்டுறது?"

"அந்தக் கீபோர்டை மாட்டிட்டாப் போதும்," என்றார் வெண்டெல்.

"மூணாங்கிளாஸ் பசங்க அதை முதல் நாளே தொலைச்சிடுவாங்க, வெண்டெல். கீபோர்டு இருந்தாத்தான் ஓடும்னா, எங்ககிட்ட பழைய கம்ப்யூட்டரே இருக்கே."

காப்பியைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார். வெண்டெல் மார்லிஸ் பக்கம் திரும்பினார்.

"இதைக்கூடவா சோதிக்கலை நீ?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அவ மார்ச்சுலயே சொல்லிட்டா. நான்தான் மூடினேன்," என்றேன்.

"ஏன்?"

"என் மேசையில ஓடிச்சு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிரிவை மூடும் கடிதம் வந்தது. எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது என் டேப்லெட்டின் விசைப்பலகையைப் பிடித்து இழுத்தேன். ஒன்றரை வருடமாகக் கழற்றாதது, லேசில் வரவில்லை. பிழை முதல் தடவையே வந்தது. சரிசெய்ய இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

"மார்லிஸ், ஒரு தடவை சோதிச்சுப் பாரேன்."

மழைக் கோட்டைப் போட்டிருந்தவள், பஸ்ஸில் நிற்பது போலவே நின்று, ஒரு கையில் பிடித்து மறுகையால் தட்டினாள்.

"ஓடுது," என்று அதை என் மேசையில் வைத்துவிட்டுத் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.