தாட்சாயணியின் முதுகுவலி

வெள்ளைக்காரன் காலம். சித்தூர் ஜில்லாவில் மோட்டார் பஸ் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. விஜயபுரத்துப் பக்கம் வேர்க்கடலை போட்டுப் பிழைத்த கன்னையாவுக்கு இடக்காது சுத்தமாகக் கேட்காது. சின்ன வயதில் சீழ் வைத்து அடைத்துப்போன காது. அதனால் அவர் வண்டி கட்டினால் பெண்சாதி தாட்சாயணியும் கூடவே ஏறிக்கொள்வாள். பின்னால் பஸ் வந்தால் சொல்வாள், வழியில் யாராவது ஏதாவது கேட்டால் எடுத்துச் சொல்வாள். மற்ற நேரமெல்லாம் ஊர்க்கதைதான். வீட்டில் மாடும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அவளை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். புத்தூர்ச் சந்தைக்குப் போய்வருகிற அந்த நேரம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது.

பெண்டாட்டி என்றால் புருஷனுக்கு இடப்பக்கம்தான் என்று கல்யாணத்தன்றே மாமியார் சொல்லிவைத்திருந்தாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சொல் போகவில்லை. தாட்சாயணி இடப்பக்கம் உட்கார்ந்தபடியே உடம்பை முறுக்கி, அவர் முதுகுக்குப் பின்னால் கழுத்தை நீட்டி, கேட்கிற வலக்காதில் பேசுவாள். பழகிப் பழகி அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்படிச் செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது.

ஒரு வருஷமாக இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தாற்போல வலி. கன்னையா உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்துப் பார்த்தார். நாட்டு வைத்தியர் வாயு என்று சொல்லித் தைலம் கொடுத்தார். ஓரகத்தி கிருஷ்ணம்மா கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். வீடெல்லாம் தும்மியதுதான் மிச்சம். கடைசியில் சித்தூர் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் முதுகெலும்பை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். எலும்பில் ஒரு குறையும் இல்லை, வண்டிக் குலுக்கலாக இருக்கும், கொஞ்ச நாள் வண்டி ஏறாமல் இருந்து பார் என்றாள்.

திருமலைக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. அதை முடித்ததோடு அவள் வண்டி ஏறுவதை நிறுத்திவிடவேண்டும் என்று கன்னையா சொல்லிவிட்டார்.

"உனக்குக் காது கேக்காதே மாமா."

"மாட்டுக்குக் கேக்குதில்ல, போதும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனக்கென்று இருந்த அந்தச் சந்தைப் பயணமும் போகிறதே என்றும் இருந்தது.

அலிபிரியில் வண்டியை விட்டுவிட்டு இருவரும் மலை ஏறினார்கள். ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே 'தப்புகோண்டி, தப்புகோண்டி' என்று டோலிக்காரர்கள் இறங்கி வர, வழிவிட ஒதுங்கியவள் அவருக்கு வலப்பக்கம் வந்துவிட்டாள். பேச்சு சுவாரசியத்தில் அங்கேயே நடந்தாள். மேலே போய்ச் சேர்ந்தபோது முதுகில் வலியைக் காணோம். கன்னையா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

தரிசனம் ஆயிற்று. இறங்கும்போது மறக்காமல் இடப்பக்கம் வந்துகொண்டாள். பாதி மலையில் அம்மிக்கல் திரும்ப ஏறி உட்கார்ந்தது.

அப்படியே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள். கொடுத்ததைப் பாதி வழியிலேயே பிடுங்கிக்கொள்கிறவரா சாமி? எழுந்து அவர் வலப்பக்கம் போய் நின்று நாலு வார்த்தை பேசினாள். இடப்பக்கம் வந்து அதையே பேசினாள். மறுபடியும் அந்தப் பக்கம் போனாள்.

"இன்னாடி, கோயில் பிராகாரம் மாதிரி என்னையே சுத்திக்கினு இருக்க?"

இடப்பக்கம் இருந்து அவர் வலக்காதுக்கு முதுகை முறுக்குவதால்தான் வலி, இனி வலப்பக்கமே உட்காருகிறேன் என்று அவள் சொன்னாள். கன்னையா தாடையைத் தடவினார். பிறகு, சொந்தக்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று இழுத்தார். அந்த பயம் அவளுக்கும் இருந்தது. இருந்தாலும் வண்டியில் கூடப் போவதே நின்றுவிடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"மேல இருக்கிற சாமிக்குத் தாயாரு எந்தப் பக்கம் மாமா?"

"வலமார்புல."

"அவங்கள யாருனா எறங்கி இந்தாண்ட வான்னு சொன்னாங்களா?"

படி இறங்கும்போது கன்னையாவின் தோள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.

வலி ஒரே நாளில் போய்விடவில்லை. கடலை பிடுங்குகிற காலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டது. ஆனால் திருமலையிலிருந்து வந்த பிறகு வந்த முதல் சந்தையன்றே கன்னையா மாட்டைப் பூட்டிவிட்டு, ஊர் பார்க்க, வண்டியில் இடப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டு அவளைக் கூப்பிட்டார்.