மலை உச்சியில் ஒரு சிவப்பு ஊசி

"அடி குருவி, இங்க வா. மைக்ராஸ்கோப்ல கண்ணை வை."

"இப்பத்தான் கை கழுவினேன் அக்கா."

"கையை யார் கேட்டா? கண்ணை வை."

தங்கை குனிந்தாள். கண்ணாடித் தகட்டில் கொசு ஒன்று மல்லாந்து கிடந்தது. கழுத்தடியில் சிவப்பு மசி சொட்டிய மாதிரி ஓர் உண்ணி.

"நம்ம ரத்தத்தைக் குடிக்கிற கொசுவை இது உறிஞ்சுது பாரு. மாமியாருக்கும் ஒரு மாமியார்!"

அந்த உண்ணி எந்தெந்த ஊர்க் கொசுவில் இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுவதுதான் இருவருக்கும் வேலை. முழங்கால் ஒத்துழைக்காத அக்கா ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். தங்கை வலையும் சீசாவுமாக ஊர் ஊராகப் போவாள். குட்டையில் கொசு தோலுரித்து வெளிவரும்போது உண்ணி தொற்றிக்கொள்ளும். இதுவரை சமவெளியில்தான் அகப்பட்டிருந்தது. இன்று காலை தங்கை "மலைக் கொசு" என்று ஒரு சீசாவைக் கொடுத்தாள். அக்கா சுவர் வரைபடத்தில் மலை உச்சியில் சிவப்பு ஊசியைக் குத்தினாள். நாளைக்கு ஆய்வுக்கூட டைரக்டர் அந்த வரைபடத்தைப் பார்க்க வருகிறார்.

"இரு, இன்னும் ஒண்ணு இருக்கு."

அக்கா விளக்கை அணைத்து ஊதா விளக்கைப் போட்டாள். கொசுவின் இறக்கை பச்சையாக ஒளிர்ந்தது.

"என்னக்கா இது?"

"என் பொடி! குட்டையில பிடிச்சு உண்ணியோட கூண்டுல வெச்ச கொசு மேல தூவி, பின்பக்கக் குட்டை ஓரமா பறக்கவிட்டேன். எவ்வளவு தூரம் போகுதுன்னு பார்க்க. உனக்குத் தெரியாம செஞ்சேன். ஒண்ணு மலையே ஏறிடுச்சுடி, உண்ணியையும் தூக்கிக்கிட்டு!"

தங்கை சற்றுத் தாமதித்தே சிரித்தாள். "காத்து அடிச்சுத் தள்ளியிருக்கும்."

"அதேதான்! காத்துதான்! டைரக்டருக்கு இப்பவே சொல்லிடறேன்." அக்கா போனை எடுத்தாள். "என்னிக்குத் தூவினேன்னு முதல்ல கேப்பாரு அந்த மனுஷன். நேத்து சாயங்காலம்..."

விரல் அப்படியே நின்றது.

"குருவி, நீ எப்ப மலையிலேருந்து இறங்கினே?"

தங்கை சீசாவின் மூடியைத் திருகினாள்.

"முந்தாநாள். வந்ததும் நான்தானே சோறு போட்டேன். இந்தக் கொசுவை எங்க பிடிச்சே?"

"பின்பக்கக் குட்டையில. காலையில."

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். "கொசு பறந்துச்சுன்னு நம்பினேனே தவிர, நீ பொய் சொல்வேன்னு தோணவே இல்ல. நீ காத்துன்னு வேற எடுத்துக்கொடுத்தே."

"திரும்பத் திரும்ப ஏறினேன் அக்கா. ஒரு உண்ணிகூடக் கிடைக்கல. வெறுங்கையோட வந்தா, ஒழுங்கா தேடினியான்னு ஒரு பார்வை பார்ப்பே. அதுக்கு நாலு அறை வாங்கலாம்."

"இல்லைன்னா இல்லைன்னு போட்டிருப்பேன். இல்லாத இடமும் தெரியணும்னுதானே படமே போடறோம்?"

"உன் மூஞ்சிக்கு அதெல்லாம் தெரியாதே."

அக்கா எழுந்து சுவரருகே போனாள். மலை உச்சி ஊசியைப் பிடுங்கினாள். ஆற்றங்கரை ஊசியில் விரல் நின்றது.

"மத்ததெல்லாம்?"

"அது நிஜம்."

"எல்லாமா?"

"பெரும்பாலும்."

ஆற்றங்கரை ஊசியும் வந்தது. அடுத்து உப்பளத்து ஊசி, காட்டோர ஊசி.

"நிறுத்துக்கா! எது எதுன்னு நானே சொல்லிடறேன்."

"நீ சொல்லி?"

அக்காவின் உள்ளங்கையில் ஊசிகள் நிறைந்தன. படத்தில் மிஞ்சியவை, முழங்கால் விட்ட அளவுக்கு அவளே நடந்து பார்த்த இடங்கள்: பின்பக்கக் குட்டை, வீட்டுச் சாக்கடை, பஸ் நிலையத்துத் தேங்கிய தண்ணீர். மற்ற இடமெல்லாம் பொத்தல்.

"நாளைக்கு டைரக்டர் கேட்டா என்னக்கா சொல்லுவே?"

"உண்ணி நான் போன இடத்துலதான் இருக்குன்னு சொல்வேன்."

"என்னைப் பத்தி?"

அக்கா ஊசிகளை டப்பாவில் கொட்டினாள். தகட்டை நகர்த்தி அடுத்ததை வைத்தாள்.

"லைட்டைப் போட்டுட்டுப் போ. கண்ணு தெரியல."